இருவருக்கான கூடாரம்

கண்ணாடிக் கடை
மார்ச் 2

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம். அந்தக் குளிரில் நீங்களும் உங்கள் மூட்டுகளும் சுகமா என்று எழுதவும்.

மூன்று வருடமாக எழுதாதவன் இப்போது ஏன் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். ஜூனில் எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்து வருடம் நிறைகிறது. அதற்கு உங்கள் மலைக்கு வந்து நான்கு நாள் கூடாரத்தில் தங்க வேண்டுமாம், உங்கள் தங்கைக்கு. சுவரும் கூரையும் உள்ள வீட்டை விட்டுவிட்டுத் துணிக்குள் போய்ப் படுப்பதில் என்ன இருக்கிறதோ, எனக்குப் புரியவில்லை. ஆனால் அவள் ஆசைப்பட்டுவிட்டாள். நான் எதற்குத்தான் மறுத்திருக்கிறேன்?

உங்கள் விளம்பரத் தாளைப் பார்த்தேன். மரமேடை, மெத்தைக் கட்டில், வெந்நீர், கூடாரத்துக்குள்ளேயே கணப்பு. பிரமாதம். அதில் இல்லாத சில விவரங்கள் மட்டும் வேண்டும். முகாமில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? பெண்கள் உண்டா? அவர்கள் எங்கே தங்குகிறார்கள்? ஜீப் எந்தக் கிழமை வரும்? ஜீப் வராத நாளில் மலையை விட்டு இறங்க வேறு வழி இருக்கிறதா? மனைவியைப் புது இடத்துக்கு அழைத்துப் போகிறவன் இதையெல்லாம் கேட்டுத்தானே ஆக வேண்டும்.

கடை எப்போதும்போல நடக்கிறது. லென்ஸ் தேய்க்கப் புது மெஷின் வந்திருக்கிறது. உங்கள் தங்கைதான் அதில் உட்காருகிறாள். உங்களைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

விரைவில் பதில் வரும் என்ற நம்பிக்கையுடன்,
உங்கள் மாப்பிள்ளை


கீழ் முகாம்
மார்ச் 14

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நான் நலம். மூட்டுகளும் நலம். நீங்கள் இருவரும் நலம் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்துக்கொண்டேன்.

ஜீப் வியாழக்கிழமைகளில் வரும், பாதை சரியாக இருந்தால். இங்கே டவர் கிடையாது. தபாலும் அதே ஜீப்பில்தான். முகாம் இரண்டு இடத்தில் இருக்கிறது. நான் இருப்பது கீழ் முகாம். இங்கிருந்து ஆறு மணி நேரம் ஏறினால் மேல் முகாம். வேலை செய்கிறவர்களின் விவரத்தை விருந்தினர்களுக்குக் கொடுப்பதில்லை. வழி கேட்டீர்கள். ஏறும் வழிதான் இறங்கும் வழி.

ஜூனில் இடமில்லை. மலையடிவாரத்து ஊரில் நல்ல ஓட்டல் இருக்கிறது, சுவரும் கூரையும் உள்ளது. உங்களுக்கு அதுதான் தோதுப்படும்.

ஆசைப்பட்டது வாலு என்றால் அவளே ஒரு வரி எழுதட்டும். சின்ன வயதில் வீட்டையே தலைகீழாகப் புரட்டியவள் என்றுதான் அவளுக்கு அந்தப் பெயர் வைத்தோம். ஒரு வரி எழுதுவது அவளுக்குப் பெரிய விஷயமா?

நலம் விழையும்,
மச்சான்


கண்ணாடிக் கடை
மார்ச் 25

மச்சானுக்கு,

சுகம். உங்கள் சுகம் உங்கள் எழுத்தின் சூட்டிலேயே தெரிகிறது.

உங்கள் தங்கைக்கு மெஷினில் கை சிக்கி மணிக்கட்டு பிசகிவிட்டது. கட்டுப் போட்டிருக்கிறோம். “அண்ணன் கோவிச்சுக்குவாரே” என்று வருத்தப்படுகிறாள். நான்தான் “அவரு எப்ப நம்ம மேல சந்தோஷமா இருந்தாரு” என்று சமாதானம் சொன்னேன்.

ஜூனில் இடமில்லை என்கிறீர்கள். அடிவாரத்தில் உள்ள உங்கள் பதிவு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். மூன்று கூடாரம் காலியாக இருக்கிறது என்றார்கள். உங்களுக்கு ஒரு குடும்பம் இருந்திருந்தால், இப்படி முகத்தில் அடித்த மாதிரி சொந்தக்காரனுக்கு எழுதமாட்டீர்கள். தனியாகவே இருந்து பழகிவிட்டீர்கள், பாவம்.

என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.
மாப்பிள்ளை


கீழ் முகாம்
ஏப்ரல் 4

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நலம். மணிக்கட்டுச் செய்தி கவலை தருகிறது. எந்தக் கை என்று எழுதவில்லை. வலது கை என்றால் கடிதம் எழுதத் தடையில்லை, அவள் இடக்கைக்காரி. பத்து வருடம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவருக்கு இது தெரியாமல் இருக்காது.

கொண்டுவர வேண்டியவை கேட்டீர்கள். கணுக்கால் மறைக்கும் பூட்ஸ் வேண்டும். வாங்கி ஒரு மாதமாவது போட்டுப் பழகியிருக்க வேண்டும். மூன்று அடுக்கு உடுப்பு, மழைக்கோட்டு, ஸ்லீப்பிங் பேக். இதயமும் நுரையீரலும் சரியாக இருக்கின்றன என்று டாக்டர் சான்றிதழ். கழிப்பறைக்குப் போகிற வழியில் காலைப் பனி கண்ணாடி மாதிரி உறைந்திருக்கும், உங்கள் தொழில் கண்ணாடி போல இல்லை, இது வழுக்கும். கீழ் முகாமில் இரண்டு நாள் தங்கி உடம்பைப் பழக்காமல் யாரும் மேலே ஏறக் கூடாது. அவசரப்பட்டு ஏறியவர்கள் வாந்தியும் தலைவலியுமாகத் திண்டாடியிருக்கிறார்கள். இரண்டு பேரைத் தூக்கிக்கொண்டுதான் இறக்கினோம், ஒருவர் வழியிலேயே போய்விட்டார்.

உங்களைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. பயந்தால் நல்லதுதான்.

வாலுவின் கை குணமாகட்டும்.
மச்சான்


கண்ணாடிக் கடை
ஏப்ரல் 16

நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. நீ என்றே எழுதுகிறேன். வயசுக்குக் கொடுத்த மரியாதை போதும்.

நேற்று மறுபடி உன் பதிவு அலுவலகத்துக்குப் போன் போட்டேன். “மூக்குக் கண்ணாடி போடறவங்க நாங்க, மலையில உடைஞ்சு போனா என்ன பண்றது?” என்று கேட்டேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொல்கிறாள்: “கவலையே படாதீங்க சார், புதுசா ஒரு அக்கா வந்திருக்காங்க. எப்பேர்ப்பட்ட கண்ணாடியையும் அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிருவாங்க. நைலான் நூலை வச்சே லென்ஸை மாட்டிட்டாங்கன்னா பாத்துக்கோங்க.”

அந்த நைலான் நூல் வித்தையை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

ஜனவரி 27 காலையில் பால் வாங்கப் போகிறேன் என்று இறங்கிப் போனவள் வரவில்லை. மணிக்கட்டும் இல்லை, கட்டும் இல்லை. போதுமா? நீ அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு “ஒரு வரி எழுதட்டும்” என்று என்னோடு விளையாடியிருக்கிறாய்.

மூன்று வருடத்துக்கு முன்பும் அவள் உன்னிடம்தான் ஓடி வந்தாள். அப்போது நீயே பஸ்ஸில் கூட்டி வந்து என் வீட்டில் விட்டாய். “குடும்பம்னா அப்படி இப்படித்தான் இருக்கும்” என்று அவளுக்குப் புத்தி சொன்னதும் நீதான். கடையில் அவளுக்கு வேலை இல்லாத நாளில் அவளை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டிவிட்டு நான் போவது உனக்கு அன்றைக்கே தெரியும். அன்றைக்குச் சரியாக இருந்தது இன்றைக்கு எப்படித் தப்பாகும்?

ஜூன் 4 வியாழன், உன் ஜீப்பில் வருகிறேன். இருவருக்கான கூடாரம் ஒன்றைக் கடைப் பையனின் மாமா பெயரில் பதிவு செய்தாகிவிட்டது. தங்குவது நான்கு நாள். திரும்புவது இரண்டு பேர்.

மாப்பிள்ளை


கீழ் முகாம்
ஏப்ரல் 25

அன்புள்ள வாலு,

இங்கே நலம். மேலே குளிர் எப்படி? குதிரைக்காரரிடம் பருப்பும் மண்ணெண்ணெயும் புதுக் கம்பளிகளும் அனுப்பியிருக்கிறேன். மேல் முகாமை இவ்வளவு சீக்கிரம் நீ திறந்து வைப்பாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஒரு விஷயம். அவருக்குத் தெரிந்துவிட்டது. கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், படித்துக்கொள். ஜூன் 4 வருகிறாராம். அதற்குள் நீ இங்கிருந்து கிளம்புவதுதான் நல்லது. மலைக்கு அந்தப் பக்கம் எனக்குத் தெரிந்த டீச்சர் ஒருவர் இருக்கிறார். தனியாக இருக்கிறார், நல்ல மனுஷி. அங்கே இரண்டு மாதம் இரு. உன் வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, நீ இல்லையென்று தெரிந்ததும் போய்விடுவார்.

கடிதத்தில் மூன்று வருடத்துக்கு முன்பு நடந்ததைப் பற்றி எழுதியிருக்கிறார். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. அப்போது நிலைமை வேறு. எனக்கும் முழு விவரம் தெரியாது.

உடனே பதில் எழுது.
அண்ணன்


மேல் முகாம்
ஏப்ரல் 30

அண்ணா,

நலம். பருப்பு வந்தது. மண்ணெண்ணெய் வழியில் கொஞ்சம் சிந்தி, கம்பளிகளில் இரண்டு அந்த வாசனையோடு இருக்கின்றன. எழுத்தாளர் ஒருவர் வந்திருக்கிறார், அதைப் போர்த்திக்கொண்டு “ஆகா, மலை வாசனை” என்கிறார். சரியென்று விட்டுவிட்டேன்.

நான் எங்கேயும் போகப்போவதில்லை. டீச்சர் நல்ல மனுஷியாகவே இருக்கட்டும். என் வீட்டுக்காரர் தேடி வரும்போதெல்லாம் நான் ஒரு மலை தள்ளிப் போக வேண்டுமென்றால் உலகத்தில் அத்தனை மலை இல்லை.

“முழு விவரம் தெரியாது” என்று எழுதியிருக்கிறாய். மூன்று மாதமாக உன்னோடு ஒரே சமையலறையில் சாப்பிட்டேன். அந்தப் பேச்சை நீயாக எடுப்பாய் என்று பார்த்தேன். எடுக்கவில்லை. இப்போது நான் எடுக்கிறேன்.

அன்றைக்கு நீ என்னை அங்கே விட்டுவிட்டு, அவர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினாய். அவரும் உன்னோடு வெளியே வந்தார், கடைக்குப் போக. வெளியே வந்து கிரில் கதவை இழுத்துப் பூட்டினார். நான் உள்ளே நின்றுகொண்டிருந்தேன். நீ எட்டுப் படி இறங்கியிருந்தாய். பூட்டுச் சத்தம் கேட்டதும் நின்றாய். திரும்பிப் பார்க்கவில்லை. நின்றாய், அவ்வளவுதான். பிறகு இறங்கிவிட்டாய்.

அவர் செய்ததற்கு அவர் மேல் கோபம். அது ஒரு மாதிரியான கோபம். உன் மேல் உள்ளது வேறு. அவரிடம் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை. ஜனவரியில் உன்னிடம் வந்தது உன்னை நம்பி அல்ல. போக வேறு இடமில்லாமல் வந்தேன். இப்போது ஒரு வேலை இருக்கிறது, அதைச் செய்கிறேன்.

அவர் வரட்டும். மேலேயே அனுப்பு.

அடுத்த முறை மண்ணெண்ணெயைத் தனிக் குதிரையில் ஏற்றச் சொல்.
வாலு


கீழ் முகாம்
மே 21

வாலு,

மூன்று வாரமாகப் பதில் எழுதவில்லை. எழுதினேன், கிழித்தேன். குதிரைக்காரர் “இன்னிக்கும் லெட்டர் இல்லையா?” என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்.

படியில் நின்றது உண்மை. திரும்பினால் உன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். பார்த்தால் உன்னைக் கூட்டிக்கொண்டு வர வேண்டியிருக்கும். கூட்டிக்கொண்டு வந்தால் ஊர் என்ன சொல்லும் என்று யோசித்தேன். அந்த எட்டாவது படியில் நான் யோசித்தது அவ்வளவுதான். வேறு காரணம் ஏதாவது இருக்குமா என்று மூன்று வாரம் தேடினேன். கிடைக்கவில்லை.

ஆனால் அவரை மேலே அனுப்ப மாட்டேன். இரண்டு முகாமுக்கும் பொறுப்பு நான். யார் ஏறலாம் என்று சொல்ல வேண்டியதும் நான். உனக்குக் கோபம் இருந்தால் இருக்கட்டும். என் பேச்சை இந்த ஒரு முறை கேள்.

அவரிடமிருந்து இன்றைய ஜீப்பில் இரண்டு வரி வந்தது. புது பூட்ஸ் வாங்கிவிட்டாராம். உன் குளிர்க்கோட்டைக் கொண்டுவருகிறாராம். எதற்கும் கதவருகில் தனியாக நிற்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணன்


மேல் முகாம்
ஜூன் 11

உங்களுக்கு,

உங்களை எப்படி அழைப்பது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். “ஏங்க” என்பதைக் காகிதத்தில் எழுத வரவில்லை. அடிவாரத்து ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்துவிட்டு நடமாட்டமாகக் கிளம்பிப் போனதாக அண்ணன் சொன்னான். நல்லது.

இந்தக் கடிதம் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. மலையுயரம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மேலே நடந்தது பல சமயம் நினைவில் நிற்காது. உங்களுக்கு நினைவில்லாமல் போகக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை ஜீப்பில் வந்தீர்கள். இரண்டு நாள் கீழே தங்கச் சொன்னார்கள். அண்ணன் பாதையை மறித்துக்கொண்டே நின்றானாம். நீங்கள் வெள்ளி விடிந்ததும் சமையல் கொட்டகைக்குப் பின்னால் போய், பொதி ஏற்றிக்கொண்டிருந்த குதிரைக்காரரோடு ஏறிவிட்டீர்கள். மத்தியானம் சாப்பாட்டுப் பந்தலுக்கு வந்து நின்றபோது உங்கள் உதடு நீலமாக இருந்தது. ஒன்பது விருந்தினர்கள் சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் கையிலிருந்த கோட்டை என் மேல் எறிந்து, “போட்டுக்கிட்டு வா” என்றீர்கள்.

நான் “உக்காருங்க” என்றேன். பயத்தில் சொன்ன வார்த்தை. பத்து வருடப் பழக்கம், அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா?

நீங்கள் உட்காரவில்லை, விழுந்தீர்கள். வாந்தி எடுத்தீர்கள். எழுந்து இரண்டு அடி நேராக நடக்கச் சொன்னேன், முடியவில்லை. மூன்று விரலைக் காட்டினேன். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் கண்ணைச் சோதித்தவர், அதை ஐந்து என்றீர்கள். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பது ஒன்றுதான்: அந்த நிலையில் ஒருவரை உடனே கீழே இறக்க வேண்டும், தாமதித்தால் பிழைக்க மாட்டார். குதிரைக்காரர் பொதியை இறக்கிவிட்டு அடுத்த பள்ளத்துக்குப் போயிருந்தார். சமையல்காரருக்கு முழங்கால் வலி. இருந்தது நான்தான்.

மறைக்காமல் எழுதுகிறேன். கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். சூப் பாத்திரத்தைக் கழுவி வைத்தேன். அது அந்த நேரத்தில் கழுவ வேண்டிய பாத்திரம் இல்லை. பிறகு கயிற்றை எடுத்து உங்கள் இடுப்பையும் என் இடுப்பையும் சேர்த்துக் கட்டினேன்.

பாறை மேட்டில் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள். “விட்டுட்டுப் போயிடாத. தப்பு பண்ணிட்டேன். உன்னைப் பூட்டி வச்சது தப்பு” என்றீர்கள். அந்த வார்த்தைக்காகப் பத்து வருடம் காத்திருந்தேன். மூச்சு குறைந்தபோது வந்தது. எனக்கும் அழுகை வந்தது, சொல்வதற்கு என்ன.

மரங்கள் தொடங்குகிற இடத்தில் “கொஞ்சம் தண்ணி குடுக்கறியா” என்றீர்கள். ஓடையைத் தாண்டியதும் “தண்ணி எடு” என்றீர்கள். மரப்பாலத்தில் உங்கள் முகத்தில் இரத்தம் ஓடத் தொடங்கியது. “யாரைக் கேட்டு இங்க வந்த?” என்றீர்கள். பாலத்துக்குக் கீழே, கயிற்றை நீங்களே அவிழ்த்துக்கொண்டு முன்னால் நடந்தீர்கள். கீழ் முகாம் கண்ணில் பட்டதும் “நாளைக்குக் காலையில ரெடியா இரு” என்றீர்கள்.

மேலே பேசியவர் ஒருவர், கீழே வந்து சேர்ந்தவர் ஒருவர் என்று நான் நினைக்கவில்லை. இரண்டும் நீங்கள்தான். ஆனால் நல்லவரோடு வாழ வேண்டுமென்றால் நான் உங்களை எப்போதும் சாகிற நிலையில் வைத்திருக்க வேண்டும். அது என்னால் ஆகாது.

முந்தின நாள் வந்த ஜீப்பைத் திருப்பி அனுப்பாமல் நிறுத்தி வைத்துக்கொண்டு முகாம் வாசலில் அண்ணன் நின்றான். நீங்கள் அவனிடம் “மச்சான், உங்க தங்கச்சிக்கு எடுத்துச் சொல்லுங்க” என்றீர்கள். அவன் “நான் போன தடவை சொன்னதே போதும். ஜீப்ல ஏறுங்க, ஆஸ்பத்திரிக்குப் போகணும்” என்றான். உங்கள் பையைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டுவிட்டு, அவனே ஓட்டிக்கொண்டு போனான். மேலே விருந்தினர்கள் இருந்தார்கள் என்பதால் நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு உடனே ஏறிவிட்டேன்.

இவ்வளவுதான் நடந்தது.

உங்கள் ரத்த அழுத்த மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதீர்கள்.

நான்


கண்ணாடிக் கடை
ஜூலை 2

உனக்கு,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். டாக்டர் பார்த்துவிட்டு இதயம் குதிரை மாதிரி இருக்கிறது என்றார். நீ எழுதிய கதையைப் படித்தேன். பயணக் களைப்பில் லேசான தலைச்சுற்றல் வந்தது எனக்குத் தெரியும். அழுதேன், கெஞ்சினேன் என்பதெல்லாம் நீயாகச் சேர்த்துக்கொண்டது. எனக்கு அப்படி எதுவும் ஞாபகம் இல்லை. சாட்சியும் இல்லை.

உன் இடத்துக்கு ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தேன். ஒரே வாரத்தில் இரண்டு பேருக்கு இடது லென்ஸை வலதில் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். மெஷின் மூடிக் கிடக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் உன்னைக் கேட்கிறார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். உன் மரியாதையைக் காப்பாற்றத்தான்.

கோபம் தணிய உனக்கு இரண்டு மாதம் தருகிறேன். செப்டம்பர் முதல் வாரம் வருகிறேன். இந்த முறை முறைப்படியே கீழே இரண்டு நாள் தங்கிவிட்டு ஏறுகிறேன், உன் அண்ணனுக்கும் பேச இடமிருக்காது. உன் கையாலேயே பதிவு செய்து வை. நான்கு நாள். இருவருக்கான கூடாரம்.

குளிரில் நிற்காதே.
உன் கணவன்


மேல் முகாம் அலுவலகம்
ஜூலை 16

ஐயா,

வணக்கம். தாங்கள் பூரண நலம் பெற்றது அறிந்து மகிழ்ச்சி.

இம்மாதம் முதல் மேல் முகாமின் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. செப்டம்பர் முதல் வாரத்துக்கு இடம் கேட்டு எழுதிய கடிதம் கிடைத்தது. ஒரு முறை உயரத்தால் பாதிக்கப்பட்ட விருந்தினரை அதே ஆண்டில் மேல் முகாமுக்கு ஏற்றுவதில்லை என்பது எங்கள் விதி. கீழ் முகாமில் இடம் தருவது அங்குள்ள பொறுப்பாளரின் விருப்பம். அவரிடம் கேட்டேன். விருப்பமில்லை என்றார். எனினும் அடுத்த ஆண்டுக்கான கோரிக்கையாகத் தங்கள் கடிதத்தைப் பதிவேட்டில் சேர்க்க முற்பட்டேன்.

வக்கீல் மூலம் ஒரு கடிதம் தங்களுக்குத் தனியே பதிவுத் தபாலில் வரும். அதைக் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ளவும். அதற்கும் இந்த அலுவலகத்துக்கும் சம்பந்தமில்லை.

பதிவேட்டில் ஒரு கட்டம் மட்டும் நிரப்ப முடியாமல் நிற்கிறது. இருவருக்கான கூடாரம் கேட்டிருக்கிறீர்கள். தங்களுடன் வருவது யார் என்று எழுதவில்லை.

தங்கள் உண்மையுள்ள,
பொறுப்பாளர், மேல் முகாம்